ஏன் தம்பி, ஐசி நம்பர் என்னத்துக்கு?

போன தீபாவளிக்கு ஒரு கிழமை முதல் அம்மா யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு கடையில் கிரைண்டர் வாங்கினார். காசு கட்டி முடிந்ததும் கவுண்டரில் நின்ற பெடியன் ஒரு மஞ்சள் துண்டை நீட்டினான். "அம்மா, இதை நிரப்பி அந்தப் பெட்டிக்குள்ள போடுங்கோ. குலுக்கல் இருக்கு, முதல் பரிசு ஸ்கூட்டி." அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்பத் தொடங்கினார். முழுப்பெயர், ஐசி (தேசிய அடையாள அட்டை) இலக்கம், பிறந்த திகதி, வீட்டு விலாசம், இரண்டு தொலைபேசி இலக்கம், தொழில், மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர். கடைசி வரியில், "வெளிநாட்டில் உறவினர் உள்ளனரா? ஆம் எனின் எந்த நாடு?" அம்மா "மகன், கனடா" என்று தன்னுடைய வடிவான கையெழுத்தில் எழுதிப் போட்டார். பெட்டி கண்ணாடிப் பெட்டி. உள்ளே விழுந்த துண்டுகளில் சில எழுத்துப் பக்கம் வெளியே தெரியக் கண்ணாடியோடு ஒட்டி நின்றன. நான் நின்ற இடத்திலிருந்தே யாரோ ஒருவருடைய ஐசி இலக்கத்தை முழுதாக வாசிக்க முடிந்தது.

மூன்று கிழமைக்குள் அம்மாவுக்குக் காப்புறுதி எடுக்கச் சொல்லி இரண்டு அழைப்பு, காணி வாங்கச் சொல்லி ஒன்று. நாலாவதாக வந்தவர் அம்மாவின் பெயரைச் சொல்லி, "கனடாவில இருந்து உங்கட மகன் அனுப்பின பாசல் கஸ்டம்ஸில நிக்குது, எடுக்கிறதுக்குக் காசு கட்ட வேணும்" என்றார். நல்லவேளை, என் தம்பி அன்று காலைதான் வீடியோ கோலில் பேசியிருந்தான், பாசல் ஒன்றும் அனுப்பவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த மஞ்சள் துண்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒரு இடத்தில் கொடுத்த விவரம் எந்த வழியால் வெளியே போனது என்று பிறகு யாராலும் இலேசில் கண்டுபிடிக்க ஏலாது. கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் அது எங்கள் கையில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இதில் எழுதப் போகிறேன்.

இதற்குப் பின்னால் இருக்கும் கருத்து மிகவும் எளிது. ஒரு வேலைக்கு எவ்வளவு விவரம் தேவையோ அவ்வளவுதான் கேட்க வேண்டும், அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். சட்டப் புத்தகங்களில் இதற்குத் தரவுக் குறைப்பு என்பது போன்ற பெரிய பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால், பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி கேட்டால் சுண்டால் அளந்துதான் கொடுப்போம், மூட்டையைத் தூக்கிக் கொடுக்க மாட்டோம். கிரைண்டர் விற்பதற்குத் தேவையானது காசு. வாரண்டிக்குத் தேவையானது பில், வாங்கிய திகதி, இயந்திரத்தின் தொடர் இலக்கம். குலுக்கலில் பரிசு விழுந்தால் சொல்வதற்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் போதும். விழுந்தவர் பரிசை எடுக்க வரும்போது ஐசியைப் பார்த்துக்கொள்ளலாம். மாத வருமானமும் மகன் இருக்கும் நாடும் இந்த மூன்று வேலையில் எதற்குத் தேவை? ஒன்றுக்கும் இல்லை. அப்படியானால் அது வேறு எதற்கோ கேட்கப்படுகிறது.

எதற்கு என்று விளங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் எல்லாக் கடைக்காரரும் கெட்ட நோக்கத்தோடு கேட்பதில்லை. பாதிக்குப் பாதி இடங்களில் படிவத்தை அடித்தவர் வேறெங்கோ கண்ட ஒரு கடன் விண்ணப்பப் படிவத்தை அப்படியே பார்த்து அடித்திருப்பார், முதலாளிக்கே அந்தக் கேள்விகள் ஏன் இருக்கின்றன என்று தெரியாது. வேறு சில இடங்களில் கணினியில் போட்டிருக்கும் மென்பொருள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது, கவுண்டரில் நிற்கும் பிள்ளை "சிஸ்டம் கேக்குது அக்கா" என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆனால் சில இடங்களில் அந்தப் பட்டியல்தான் உண்மையான சரக்கு. பெயரும் இலக்கமும் மட்டும் உள்ள பட்டியலை விட, யாருக்கு எவ்வளவு வருமானம், யாருக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது என்று பிரித்துக் காட்டும் பட்டியல் விற்பனைக்காரருக்குப் பல மடங்கு பெறுமதி. யாழ்ப்பாணத்தில் "வெளிநாட்டில ஆர் இருக்கினம்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், என்ன விலை சொல்லலாம் என்பது தெரிந்த மாதிரி. அதே விடை ஏமாற்றுக்காரரின் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்ன பாசல் கதையில் பார்த்தீர்கள்.

சரி, நாங்கள் ஏன் இவ்வளவு இலேசாகக் கொடுத்து விடுகிறோம்? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தலைமுறை முழுவதும் ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வளர்ந்தது. சந்திக்குச் சந்தி காவலரண், இறங்கி நடந்து காட்டு, வீட்டில் யார் யார் என்று பதி, குடும்பப் படத்தைக் கொடு. ஏன் என்று திருப்பிக் கேட்பது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத விஷயம். பிறகு 2020, 2021 இல் கொரோனா வந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு சிஆர் கொப்பி, நூலில் கட்டிய பேனை, பெயர், ஐசி, தொலைபேசி இலக்கம். நோய் பரவிய காலத்தில் அதற்கொரு தேவை இருந்தது. ஆனால் அந்தக் கொப்பிகள் பிறகு எங்கே போயின? எனக்குத் தெரிந்து ஒரு கடையில் அதன் ஒற்றைகளைக் கிழித்துத்தான் கச்சான் சுற்றிக் கொடுத்தார்கள், சுருளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டுப் பேருடைய பெயரும் இலக்கமும். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது அந்தப் படத்தையும் வட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பிக்கொண்டு திரிந்தோம். இப்படிக் கேட்டால் கை தானாகப் பைக்குள் போகும் பழக்கம் எங்களுக்கு ஊறிப்போய்விட்டது. காவலரணில் நின்றவரும் கிரைண்டர் விற்பவரும் ஒன்றல்ல என்பதை மனம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். கடைக்காரருக்கு எங்கள் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. நாங்கள் காசு கொடுக்கிறோம், அவர் பொருள் தருகிறார்.

இனி அந்த ஐசி இலக்கத்தையே கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பலர் அதை வெறும் வரிசை இலக்கம் என்று நினைக்கிறார்கள். பழைய ஐசியில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 இல் இருந்து வந்த புதிய முறையில் பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, புதியதில் முதல் நான்கு. அதற்கு அடுத்த மூன்று இலக்கமும் பிறந்த நாள், அதாவது ஜனவரி 1 ஐ ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். உதாரணமாக ஒரு பழைய ஐசி 85562 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். 85 என்றால் 1985. 562 என்பது 500 ஐ விடக் கூட, ஆகவே பெண். 562 இல் 500 ஐக் கழித்தால் 62. ஜனவரிக்கு 31 நாள், பெப்ரவரிக்கு எப்போதும் 29 என்றுதான் இந்தக் கணக்கில் எண்ணுவார்கள், ஆக 60. மிச்சம் இரண்டு. 1985 மார்ச் 2 இல் பிறந்த ஒரு பெண். இதற்கு ஒரு கணினியும் தேவையில்லை, கச்சான் சுருளைப் பிரித்தவரே விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம். உங்கள் ஐசியை எடுத்து ஒருதரம் கணக்குப் பார்த்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

ஆகவே ஐசி இலக்கத்தைக் கொடுத்த உடனேயே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல், நிறைய நிறுவனங்கள் தொலைபேசியில் உங்களை அடையாளம் காண்பதற்குக் கேட்பதும் இதே இலக்கம்தான். "உங்கட ஐசி நம்பரைச் சொல்லுங்கோ" என்று கஸ்டமர் கெயாரில் கேட்பார்கள், சரியாகச் சொன்னால் நீங்கள்தான் என்று நம்பிக் கதைப்பார்கள். மின்னஞ்சலில் வரும் சில கணக்கு அறிக்கைகளைத் திறக்கும் கடவுச்சொல்லும் அதுவே. ஒரு பக்கம் அதைத் திறப்பு மாதிரி பயன்படுத்துகிறோம், மறுபக்கம் குலுக்கல் துண்டில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் போடுகிறோம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விவரமும் சின்னது. ஒன்று சேரும்போதுதான் வில்லங்கம். அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 2000 ஆம் ஆண்டில் ஒரு கணக்குக் காட்டினார். 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை வைத்துப் பார்த்தபோது, ஐந்து இலக்கத் தபால் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றும் தெரிந்தால் அந்த நாட்டு மக்களில் 87 சதவீதமானவர்களைத் தனி ஆளாக இனங்காணலாம் என்று அவர் மதிப்பிட்டார். அதற்கு முன்பே, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டு மசாசூசெட்ஸ் மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே அவர் கண்டுபிடித்துக் காட்டியிருந்தார்.

இதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம சேவகர் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். ஒரு பிரிவுக்குச் சராசரி 1,300 பேர் மட்டில். அந்த 1,300 பேரின் பிறந்த நாட்கள் எண்பது ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன, எண்பது ஆண்டு என்றால் கிட்டத்தட்ட 29,000 நாள். ஒரு குறிப்பிட்ட பெண் பிறந்த அதே நாளில் பிறந்த இன்னொரு பெண் அதே பிரிவில் இருப்பது அபூர்வம். ஆக, பெயரே எழுதாமல் பழைய ஐசியின் முதல் ஐந்து இலக்கத்தையும் "கோண்டாவில்" என்ற ஊர்ப் பெயரையும் மட்டும் ஒரு துண்டில் எழுதினாலும், ஊரைத் தெரிந்த ஒருவர் அது யார் என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊர்களில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், அதை மறக்கக் கூடாது.

அடுத்தது போட்டோக்கொப்பி. என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். வீடு வாடகைக்கு எடுக்க ஐசிக் கொப்பி, லீசிங்குக்கு ஐசிக் கொப்பி, யாருக்கோ பிணை நிற்க ஐசிக் கொப்பி, மண்டபம் பதிய ஐசிக் கொப்பி. ஐசியின் இரண்டு பக்கத்தையும் அடித்த ஒரு வெள்ளைத் தாள் மேசைக்கு மேசை போகிறது, அதில் எதற்காகக் கொடுத்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. அந்தத் தாளை எடுத்து இன்னொருவர் இன்னொரு விண்ணப்பத்தோடு இணைத்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. இதற்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது, செலவு ஒரு பேனை மை. கொப்பி எடுத்த உடனே தாளுக்குக் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு கோடு சமாந்தரமாக இழுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே "வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மாத்திரம்" என்று எழுதி, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் அன்றைய திகதியையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுத்து ஐசியின் படத்துக்கு மேலேயும் கொஞ்சம் ஏறிப் போக வேண்டும், தாளின் வெள்ளை ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கொப்பி எடுக்கலாம். இலக்கமும் பெயரும் வாசிக்கக் கூடியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பல வருடமாக இப்படித்தான் கொடுக்கிறேன், ஒரு இடத்தில்தான் "கோடு இல்லாமல் தாங்கோ" என்றார்கள். ஏன் என்று கேட்டேன், விளக்கம் வரவில்லை, நான் கோடு போட்டதையே வைத்துவிட்டு வந்தேன், வேலையும் நடந்தது.

கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது நடப்பது இன்னொன்று. பாஸ்போட்டின் படத்தைக் கடை இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், கடைத் தம்பி அதைக் கணினியில் திறந்து, தரவிறக்கி, அச்செடுத்துத் தருகிறார், இருபது ரூபாவோ ஐம்பது ரூபாவோ கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் படம் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும். ஒரு நாள் நான் முறைக்குக் காத்து நின்றபோது திரையில் அந்தக் கோப்புறை திறந்து கிடந்தது, முன்பின் தெரியாத ஆட்களின் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், சாதகக் குறிப்பு, ஒரு மருத்துவ அறிக்கை, எல்லாம் சின்னச் சின்னப் படமாக வரிசையாக. அந்தத் தம்பியில் ஒரு பிழையும் இல்லை, அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் பிறகு வட்ஸ்அப்பில் "எல்லாருக்கும் அழி" என்று கொடுத்தாலும், கணினியில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு அழியாது. ஆகவே பிரிண்ட் கைக்கு வந்ததும் "தம்பி, அதை அழிச்சு விடுங்கோ, ரீசைக்கிள் பின்னிலயும்" என்று சொல்லி, அழிக்கும் வரைக்கும் நில்லுங்கள். அரை நிமிடம் ஆகாது. முடிந்தால் படம் அனுப்பாமல் அட்டையையே கொண்டுபோய்க் கொப்பி எடுங்கள்.

படத்தில் ஏதாவது இலக்கத்தை மறைத்து அனுப்ப வேண்டி வந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொலைபேசியில் கறுப்புப் பேனையால் கீறும்போது சில பேனைகள் ஹைலைட்டர் மாதிரி, அரைவாசி ஊடுருவித் தெரியும். பார்வைக்குக் கறுப்பாக இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருக்கும் இலக்கம் மெல்ல எழும்பி வரும். முழுதாக மூடும் பெட்டி வடிவத்தைப் போட்டு, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்புங்கள்.

எல்லா இடத்திலும் மறுக்கலாமா என்றால், இல்லை. வங்கி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி வாடிக்கையாளர் யார் என்று வங்கி உறுதிப்படுத்தியே ஆக வேண்டும். சிம் வாங்க ஐசி வேண்டும். வேலைக்குச் சேர்ந்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவுக்கு வேண்டும். காணி உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பாஸ்போட் விவரம் கேட்பதும் நியாயம்தான், ஆனால் அதைக் கொடுக்க முதல் அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தில் விசாரியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்குக் கொப்பிகூடக் கொடுக்காதீர்கள், மூலப் பாஸ்போட்டை ஒருபோதும் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் ஒவ்வாமை கேட்டால், வயது கேட்டால் சொல்லுங்கள், அது உங்கள் உடம்புக்காக. அதே கடையில் பொயிண்ட்ஸ் அட்டைக்காக ஐசி கேட்டால் அது வேறு கதை. ஒரே இடத்திலேயே ஒரு கேள்வி தேவையானதாகவும் அடுத்த கேள்வி தேவையில்லாததாகவும் இருக்கலாம்.

எப்படி மறுப்பது என்பதுதான் பலருக்குச் சங்கடம். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு மாதிரி. அதனால் நான் மறுப்பதில்லை, கேட்கிறேன். "ஏன் தம்பி, இது என்னத்துக்கு?" அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஐந்து தரத்தில் மூன்று தரம் "பரவாயில்லை அக்கா, அதை விடுங்கோ" என்று பதில் வரும், ஏனென்றால் கேட்டவருக்கும் காரணம் தெரியாது. "சிஸ்டம் கேக்குது" என்றால், "அப்ப கடை நம்பரையே போடுங்கோ" என்று சொன்னால் போட்டுவிடுவார்கள், அவர்களுக்கும் பின்னால் வரிசை நிற்கிறது. தாளில் நிரப்புவது என்றால் இன்னும் இலேசு, தேவையில்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பெரும்பாலும் யாரும் திருப்பித் தருவதில்லை. இணையப் படிவத்தில் நட்சத்திரக் குறி போடாத கட்டங்களை நிரப்பத் தேவையே இல்லை, ஆனால் எல்லாக் கட்டத்தையும் பார்த்தால் நிரப்பிவிடும் கை எங்களுடையது.

சும்மா இருக்கும் பழைய போனில் ஒரு இரண்டாவது சிம் போட்டு அந்த இலக்கத்தைக் கடைகளுக்குக் கொடுப்பது நல்ல வழி. வங்கியின் ஓடிபி வரும் இலக்கம் கடைப் பட்டியல்களில் இருக்கவே கூடாது. மின்னஞ்சலுக்கும் ஒரு வழி உண்டு, ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, எந்த இடத்துக்குக் கொடுக்கிறீர்களோ அதன் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். கூட்டல் குறிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் கடிதம் உங்கள் பெட்டிக்கே வரும். நாளைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்திலிருந்து அந்த முகவரிக்கு விளம்பரம் வந்தால், உங்கள் முகவரி எந்தக் கடையால் வெளியே போனது என்று தெரிந்துவிடும். அம்மாவின் மஞ்சள் துண்டில் என்னால் நிரூபிக்க முடியாமல் போனதை இதில் நிரூபிக்கலாம்.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோர்ச் அடிக்கும் செயலிக்கு உங்கள் தொடர்பு இலக்கங்கள் தேவையில்லை, பஞ்சாங்கம் காட்டும் செயலிக்கு மைக் தேவையில்லை. போனின் செட்டிங்ஸில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய் எந்தச் செயலி எதை எடுக்கிறது என்று பார்த்து நிறுத்தலாம். ஆண்ட்ராய்ட் 11 இலிருந்து "இந்த ஒருமுறை மட்டும்" என்று அனுமதி கொடுக்கவும் முடியும். முக்கியமாக அவசரக் கடன் தரும் செயலிகளில் தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அந்த இடத்திலேயே வெளியே வாருங்கள். அது உங்கள் விவரம் மட்டுமல்ல, மாமி, பெரியப்பா, பிள்ளையின் ரீச்சர், எல்லாருடைய இலக்கமும். தவணை பிந்தினால் அவர்களுக்கெல்லாம் அழைப்புப் போகும்.

பிள்ளைகளின் விவரம் எனக்கு மிகவும் மனதைக் குடையும் விஷயம். தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்த மறுநாள் சந்திகளில் பார்த்திருப்பீர்கள், ரியூசன் பதாகைகளில் பத்து வயதுப் பிள்ளையின் முகம், முழுப்பெயர், பாடசாலை, புள்ளி. பெருமைதான், எனக்கும் விளங்குகிறது. ஆனால் ரியூசனில் சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் "படத்தை விளம்பரத்துக்குப் பாவிக்கலாமா" என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், சேர்க்கும் அன்றே நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், பெயரும் புள்ளியும் போடலாம், படம் வேண்டாம் என்று. ஒரு பெண் பிள்ளை எந்தப் பாடசாலை, எந்த ரியூசன், எப்படியிருப்பாள் என்பதையெல்லாம் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் தூக்கிக் கட்டத் தேவையில்லை. பாதகமில்லை என்று தோன்றினால் போடுங்கள், ஆனால் யாராவது உங்களைக் கேட்டுப் போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், அந்த நோக்கத்துக்கு அளவானதைத்தான் எடுக்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழை திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. உடல்நலம், மதம், இனம், கைரேகை போன்றவற்றுக்குக் கூடுதல் காவல். நிறைவேறியபோது இருந்தபடி, மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம். சிக்கல் என்னவென்றால் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும் விதமாக எழுதப்பட்டது, 2025 மார்ச்சில் தொடங்க வேண்டியிருந்த முக்கிய பகுதிகளும் தள்ளிப்போயின. லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரருக்கு இது பழகிய விஷயம், ஐரோப்பாவில் இப்படியான விதி 2018 மே 25 இலிருந்து நடக்கிறது. இந்தியாவிலும் 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் திணைக்களம், தொலைபேசி இலக்கம் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. இங்கே சட்டம் முழுதாகக் கை நீட்டும் வரைக்கும் எங்களிடம் இருக்கும் கருவி "என்னத்துக்கு?" என்ற கேள்விதான். ஆனால் அழிக்கச் சொல்லி ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுவதை இன்றைக்கே செய்யலாம், நேர்மையான நிறுவனம் என்றால் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் அழித்துவிடும்.

ஏற்கெனவே பத்து இடத்தில் ஐசிக் கொப்பி கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகம், சனம் கிரிப் என்று சொல்வது, அதில் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் எடுத்த கடன்கள் ஐசி இலக்கத்தின்படி பதிவாகின்றன. உங்கள் சொந்த அறிக்கையை ஒரு கட்டணம் கட்டி நீங்களே எடுக்கலாம். எடுத்தால் முதலில் கடன் பகுதியைப் பார்க்காதீர்கள், பிணையாளர் என்று வரும் பகுதியைப் பாருங்கள். நீங்களே எடுத்த கடனை மாதாமாதம் கட்டுவதால் அது உங்களுக்கு எப்படியும் தெரியும். யாரோ எடுத்த லீசிங்குக்கு உங்கள் பெயர் பிணையாகப் போயிருந்தால் அவர் கட்டாமல் விடும் வரைக்கும் உங்களுக்குத் தெரியவே வராது. தெரியாத பெயர் ஏதும் இருந்தால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பிணைப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தின் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள், உங்களுடையது இல்லையென்றால் பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியோடு பணியகத்துக்கும் எழுதுங்கள். அம்மாவின் அறிக்கையைத் தைப்பொங்கல் முடிந்த கிழமை எடுத்துப் பார்த்தோம். பிணைப் பகுதி வெறுமையாக இருந்தது.